மூலையில் இருந்த ஒசில்லோ

என் கணவருக்குப் பேச்சு போனது ஒரு புதன்கிழமை காலையில். சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு கூடத்துக்கு வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னங்க, என்னா ஆச்சு?" என்றேன்.

கையிலிருந்த ரேசர் நழுவித் தரையில் விழுந்தது. வேறு யாரோ போட்டதைப் பார்ப்பதுபோல அதைக் குனிந்து பார்த்தார்.

மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தோம். மூளையில் பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபின் வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது; தடி ஊன்றிக் கூடத்தைச் சுற்றி வருவார். வலது கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. 'அப்புறம்.'

ஏன் அந்தச் சொல் என்று யாருக்கும் தெரியாது. பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மின்விசிறியைக் குறைக்கவும் அப்புறம். ஆமாம் என்பதற்கும் அதுதான், இல்லை என்பதற்கும் அதுதான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். தான் நினைத்தது முழுவதும் வாயிலிருந்து வந்துவிட்டது என்று நம்பும் பார்வை அது. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் முகம் அப்படியே விழுந்துவிடும்.

அவர் பேச்சுக்காரர் அல்ல. ஆனால் பேசினால் சரியாகப் பேசுகிறவர். அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த குடும்பம். பதினெட்டு வயதில் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார். எங்கள் ஊரில் அப்படிப் போய் வந்தவர்களை இன்றும் சொல்தா என்றுதான் சொல்வார்கள். சண்டைக்கெல்லாம் போகவில்லை. ஒரு பட்டறையில் உட்கார்ந்து ரேடியோப் பெட்டிகளைப் பழுது பார்த்தார். சர்வீஸ் முடிந்து பென்ஷனோடு திரும்பியபோது அவரோடு கப்பலில் ஒரு மரப்பெட்டியும் வந்தது. பட்டறை கழித்துப் போட்ட ஒரு பழைய ஆசிலாஸ்கோப் அதற்குள் இருந்தது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்தது. உள்ளே முழுக்க வால்வுகள், பல்பு மாதிரி எரியும் கண்ணாடிக் குழாய்கள். பச்சை நிறத்தில் வட்டமான கண்ணாடித் திரை. முப்பது கிலோவுக்குக் குறையாது.

நான் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக முப்பது வருடம் வேலை பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்க லேப்ல ஒசில்லோ இருக்கா?" எனக்குப் புரியவில்லை. "மின்சார அலைய திரையில காட்டுமே, அது" என்றார். "ஓ, சி.ஆர்.ஓ.வா? நாலு இருக்கு. ரெண்டு ஓடாது" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது என்று என் அக்கா இன்றும் சொல்வாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் அந்தப் பெட்டி பல வருடம் ஓடியது. கோயில் ஆம்ப்ளிஃபயர், கல்யாண மைக் செட், அக்கம்பக்கத்து டி.வி. எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் சரி பார்ப்பார். பிறகு டி.வி.க்களைப் பழுது பார்ப்பதே நின்றுபோனது. ஒரு புயல் மழையில் மாடியறை ஒழுகியதும் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவந்து கூடத்து மூலையில் வைத்தார்கள். மேலே ஒரு போர்வையைப் போட்டேன். பத்து வருடம் அதை யாரும் தொடவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாவது நாள், காலை பத்து மணி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இடது கையை நீட்டி அந்த மூலையைக் காட்டினார். "அப்புறம்" என்றார். பிறகு சத்தமாக, "அப்புறம், அப்புறம்!"

நான் போர்வையை விலக்கிப் பெட்டியின் மேல் கை வைத்தேன். "இதுவா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் காட்டினார். அதற்கடுத்த நாளும். வாரம் இரண்டு நாள் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். சின்னப் பெண், ஆனால் பொய் சொல்லாதவள். "அவருக்குப் பழக்கப்பட்ட பொருள கையில குடுங்கம்மா. சிலருக்கு கை வேலை செஞ்சா பேச்சும் கூட வரும். வரும்னு சொல்லல. வரலாம்" என்றாள்.

அந்த 'வரலாம்' எனக்குப் போதும். பெட்டியைக் கூடத்து நடுவில் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன். எதிர்வீட்டுக்காரரும் எங்கள் ஆட்டோக்காரரும் தூக்கினார்கள். அவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்திலேயே போட்டேன். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் பல்லி முட்டை ஓடுகள் உருண்டு விழுந்தன. கடற்காற்று நுழையாத இடமில்லை, தகடெல்லாம் துரு. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சர்க்யூட் படத்தைப் பாதிக்கு மேல் பூச்சி தின்றிருந்தது. மிச்சமிருந்த எழுத்து பிரெஞ்சில். வீட்டில் புழங்கும் நாலைந்து சொற்களுக்கு மேல் எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அதைப் படிக்கத் தெரிந்தவர் என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொல்லத்தான் அவருக்கு வழியில்லை.

இப்படியொரு நிலைமையை நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்தப் பெட்டியின் ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும். எனக்கு இரண்டு கை நன்றாக இருந்தது. என் ஆய்வகத்தில் நான் தொட்டதெல்லாம் டிரான்சிஸ்டர் கருவிகள். வால்வு செட் உள்ளே எங்கே எவ்வளவு வோல்டேஜ் ஓடும் என்பதே தோராயமாகத்தான் தெரியும்.

ஒரு கண்டென்சரைக் குறட்டால் பிடித்துக் காட்டுவேன். மெழுகு வழிந்து, வீங்கிப் போயிருக்கும். "இத மாத்தணுமா?"

"அப்புறம்."

"வேணாமா?"

"அப்புறம்."

பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் இரண்டு அட்டை எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் 'ஆமாம்', மற்றதில் 'இல்லை'. அதைத் தொட்டுக் காட்டினால் போதும் என்றாள். முதல் நாள் 'ஆமாம்' தொட்டார். சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன். சோதித்துப் பார்ப்போமென்று, "உங்களுக்கு நாலு கால் இருக்கா?" என்று கேட்டேன். அதற்கும் ஆமாம் அட்டையைத் தொட்டார். பிறகு அட்டைகளை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். சொல்வது மட்டுமல்ல, கேட்பதிலும் கொஞ்சம் போயிருக்கிறது என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். எவ்வளவு போயிருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றாள்.

ஆனாலும் வேலையை விடவில்லை. வீங்கிய கண்டென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாக வைத்தேன். நான் சால்டரிங் அயர்னை எடுத்தால் அவர் உடம்பை முன்னால் சாய்த்துப் பார்ப்பார். ஈயம் உருகும் வாசனை வந்ததும் மூச்சை இழுப்பார். அந்த வாசனை அவருக்குப் புரிந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சில நாள் இடது கையால் ஈயக் கம்பியை எனக்காகப் பிடித்துக்கொள்வார். கம்பி விலகி விலகிப் போகும். நான் அவசரப்பட மாட்டேன்.

பழைய கல்லூரியிலிருந்து ஒரு வேரியாக் கடனாக வாங்கி வந்தேன். வோல்டேஜைத் துளித்துளியாக ஏற்றும் பெட்டி அது. பத்து வருடம் தூங்கிய கருவிக்கு ஒரேயடியாக மின்சாரம் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும். ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து ஏற்றினேன். வால்வுகள் ஒவ்வொன்றாக உள்ளே சிவந்தன. அவர் எண்ணுவதுபோல விரலை ஆட்டினார். ஒன்றுகூட விடாமல் எல்லாம் எரிந்தது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். திரைக்குழாய்க்குப் பின்னால் போகும் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்க உடனே கையை உள்ளே விட்டேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையால். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வளையல் சதையில் அழுந்தியது.

"அப்புறம்!" என்று கத்தினார்.

அந்த ஒரு முறை அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது. இப்போது வேண்டாம், அப்புறம். மின்சாரத்தை நிறுத்தினாலும் உயர் வோல்டேஜ் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். முப்பது வருடம் மாணவிகளுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்த பாடம். நீளமான ஸ்க்ரூ டிரைவரில் எர்த் கம்பியைக் கட்டி, பிடியைத் துணியால் சுற்றி, அந்தக் கண்டென்சரின் முனையைத் தொட்டேன். பட்டென்று வெடித்தது. நீலப்பொறி. அவர் மெதுவாக என் மணிக்கட்டை விட்டார்.

"நல்ல வேளைங்க" என்றேன். "பொழைச்சேன்."

"அப்புறம்" என்றார். பழைய அப்புறம்தான். பழைய பார்வைதான். சற்று முன் திறந்த கதவு எங்கே இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று மதியம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

சார்ஜ் ஏன் அப்படியே நின்றது என்று தேடியபோதுதான் குற்றம் அகப்பட்டது. அதை வடியவிட வேண்டிய ரெசிஸ்டர் ஒன்று உள்ளே அறுந்திருந்தது. திரை இருண்டு கிடந்ததற்கும் அதுதான் காரணம். மாற்றினேன். மறுபடி வேரியாக். மறுபடி வால்வுகள் சிவந்தன. இந்த முறை திரை நடுவில் பச்சையாக ஒரு புள்ளி, கடுகளவு. குமிழைத் திருப்பினேன். புள்ளி நீண்டு கோடானது.

அவர் விரலைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் இடமிருந்து வலமாக இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அளக்கும் முனையை எடுத்து அவர் விரல் நுனியில் தொட்டேன். சுவரில் ஓடும் மின்சாரத்தை மனித உடம்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதைத் திரை காட்டும். கோடு எழும்பி அலையானது. விரலை எடுத்தார், கோடு. வைத்தார், அலை. அவர் சிரித்தார். பேச்சு போன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. இருந்தாலும் சிரிப்பு.

நான் போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் பிரான்சில் இருக்கிறாள், அங்கே விடிந்திருக்கவில்லை. "அம்மா, என்னாம்மா, அப்பாவுக்கு என்னா?" என்று பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் இல்லடி, பாரு, அப்பாவப் பாரு" என்று போனைத் திருப்பினேன்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை சுருங்க ஆரம்பித்தது. தார் எரியும் வாசனை. பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். பச்சைக் கோடு சுருங்கிப் புள்ளியாகி, அது கொஞ்ச நேரம் நின்று, போனது. அவர் விரல் அளக்கும் முனையின் மேலேயே இருந்தது. எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். போனில் மகள், "என்னாம்மா ஆச்சு? ஒண்ணும் தெரியலம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எரிந்தது டிரான்ஸ்ஃபார்மர். பெட்டியிலேயே கனமான பொருள். எல்லா வோல்டேஜும் அதிலிருந்துதான் பிரிகிறது. கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் உழவர்கரையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற ஒருவரிடம் போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். போனபோது அதைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தார். காகிதமும் கம்பியும் ஒன்றாகக் கருகி, தொட்டால் உதிர்ந்தது.

"யம்மா, நான் மோட்டாரு, மிக்சி, ஸ்டெபிலைசர் சுத்துறவன்" என்றார். "இதுல உள்ள கம்பி தலமுடியவிட மெல்லிசு. ரெண்டாயிரம் வோல்ட்டு தாங்கணும். எத்தினி சுத்துன்னு எண்ணலாம்னு பாத்தேன், கையோட வந்துடுச்சி. குத்துமதிப்பா சுத்திக் குடுத்துருவேன். ஆனா நாளைக்கி வூட்ல நெருப்பு புடிச்சா?"

"வேற யாராவது செய்வாங்களா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். "செய்றேன்னு சொல்றவன் இருப்பான். நீங்க போவாதீங்க" என்றார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மகளும் தேடினாள். இணையத்தில் பழைய கருவி சேர்ப்பவர்களிடமெல்லாம் எழுதிக் கேட்டாள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் யாரிடமும் இல்லை. இருக்கிறவர்களும் தங்கள் பெட்டிக்கு ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் எவ்வளவு போய்ச் சேரும் என்று தெரியாத ஒருவரிடம் கெட்ட செய்தியைச் சொல்வது ஒரு தனி வேதனை. எதிரே உட்கார்ந்து சொன்னேன். "முடியலங்க. டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சி. என்னால முடியல." கருகிய துண்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். அழவில்லை. கோபமும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கையை நீட்டினார்.

மேசையை அல்ல. மேசையில், அவருக்கு ஒரு முழம் தள்ளி, பெட்டி திறந்து கிடந்தது. அவர் கை நீண்டது கூடத்து மூலைக்கு. பெட்டி முன்பு இருந்த, இப்போது ஒன்றும் இல்லாத மூலைக்கு.

"அப்புறம்" என்றார். "அப்புறம், அப்புறம்!"

வேலை நடந்த மாதங்களில் இடையிடையே அவர் அந்தப் பக்கம் கை காட்டியது நினைவுக்கு வந்தது. பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "முடிச்சிட்டு வெக்கிறேங்க" என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாளிலிருந்தே அவர் கேட்டது ஒசில்லோவை அல்ல. அதற்குப் பின்னால் இருக்கிற எதையோ. அல்லது மேலே இருக்கிற எதையோ. நான்தான் என் பாட்டுக்குப் பெட்டியைத் தொட்டு, அவர் கண்ணீரை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடிப்போய் மூலையில் நின்றேன். காலண்டரைத் தொட்டேன். "இதுவா?" கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். தள்ளிவிட்டார். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மூலையை ஒட்டிய அலமாரியின் பக்கவாட்டில் செருகியிருந்த எக்ஸ்ரே கவர், குடை, பழைய ரேஷன் பை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைக்கூடத் தொட்டுக் காட்டினேன். "இதுவா? இதுவாங்க? என்னா வேணும் சொல்லுங்க." அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். அடித்து அடித்து விரல் கன்றிப்போனது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

மகள் போனில் பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய சின்ன வயதில் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவள் குரல் கேட்டதும் தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். ஆர்வமாகப் பதில் சொன்னார். அந்த ஒரே தமிழ்ச் சொல்.

"அப்பா சும்மா காட்டுறாரா இருக்கும்மா" என்றாள் அவள் கடைசியில். "கை அந்தப் பக்கம் போற பழக்கமா இருக்கும். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

இருக்கலாம். பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அது சும்மா காட்டுகிற கை அல்ல.

இரண்டு மாதம் தேடினேன். அவருடைய பழைய பிரெஞ்சுக் காகிதங்களைக் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூலையில் முன்பு இருந்து எடுத்துப் போட்டவை எவை என்று என் அக்காவைக் கேட்டேன். நாற்காலியையே மூலைக்கு இழுத்துப்போய் அவரை உட்கார வைத்தேன். அங்கிருந்து வேறு எங்கோ வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரம் ஒருநாள் பத்து மணி ஆனது, பத்தரை ஆனது. கை எழவில்லை. மறுநாளும் எழவில்லை. பிறகு எழவே இல்லை. அது என்ன என்பதை அவர் மறந்துவிட்டாரா, என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கை எழாத அந்த முதல் நாள் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஒசில்லோ இன்னும் மேசையில்தான் இருக்கிறது. திருப்பித் தூக்கி வைக்க யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் மேசையின் மறு பாதியில் சாப்பிடுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் இடது கையை நீட்டி, பெட்டியின் முன்பக்கத்துக் குமிழ் ஒன்றைப் பிடித்து ஒவ்வொரு படியாகத் திருப்புவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன சத்தம் வரும். கடைசிப் படிவரை போய்விட்டுத் திரும்புவார். என்னவென்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். அந்தச் சத்தம் நிற்கிறதா என்று மட்டும் காது கொடுத்தபடி.